தொண்ணூற்றெட்டு டிகிரியில் ஒரு கல்யாணம்

கல்யாண வீடியோ எடிட் செய்வது என் தொழில். கேமராக்காரர்கள் கொண்டுவந்து கொட்டுவதை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து, சம்பந்திகள் முறைத்துக்கொள்ளும் இடங்களை எல்லாம் அப்புறப்படுத்தி, இரண்டே முக்கால் மணி நேரமும் எல்லோரும் சிரித்தபடியே இருந்தது போல் செய்து கொடுப்பேன். லாஸ்பேட்டையில் என் வீட்டு மாடியில் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி. நாற்காலிக்குப் பதினொரு வயது, எனக்கு நாற்பத்தொன்பது. இரண்டு பேருக்கும் முதுகில் ஒரே இடத்தில்தான் கோளாறு.

போன வருஷம் முதலியார்பேட்டையிலிருந்து ஓர் அக்கா தன் பெண்ணின் கல்யாண வீடியோவுக்காக வந்தார். மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகு இட்லி மாவு அரைத்து விற்று, ஒரே பெண்ணை டிகிரி வரை படிக்க வைத்தவர். மாப்பிள்ளை பிரான்சில் வேலை. அவனுடைய தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரில் அப்படிப்பட்ட சிப்பாய்க் குடும்பங்களைச் சொல்தா வீடு என்போம். பெண்ணுக்கும் பிரான்ஸ் போகும் பேப்பர்கள் எல்லாம் சீக்கிரமே வந்துவிட்டன. சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்குச் சென்னை விமான நிலையத்துக்குக் கார்.

"அவ கார்ல ஏர்றதுக்கு முன்னாடி, அவகூட உக்காந்து அத ஒரு தடவ பாத்துடணும் தம்பி," என்றார். "தாலி கட்டினத நான் பாக்கல."

"பொண்ணோட அம்மா நீங்க. நீங்களே பாக்கலியா?"

"பின்னால வேலயா போயிட்டேன். மேளம் கேட்டுச்சி. ஓடியாந்தேன். முடிஞ்சிபோச்சி. எல்லாரும் தலையிலேர்ந்து அரிசியத் தட்டிக்கினு நிக்கிறாங்க."

அவர் அழவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டவர் சொல்வது போலத்தான் சொன்னார். எனக்குத்தான் என்னவோ செய்தது. நெஞ்சில் கை வைத்து, "சனிக்கெழம மத்தியானம் உங்க கையில இருக்கும்க்கா," என்றேன். நெஞ்சில் கை வைத்து நான் சொன்ன எதுவும் அதுவரை நேரத்துக்கு நடந்ததில்லை என்பது அவருக்குத் தெரியாது.

வியாழக்கிழமை மாலையே எடிட்டிங் முடிந்துவிட்டது. பாக்கி ஒரே வேலை, ரெண்டர். அதாவது வெட்டி ஒட்டியதை எல்லாம் கம்ப்யூட்டர் ஒரே படமாகக் கோத்துத் தரும் வேலை. பட்டனை அழுத்திவிட்டு மூன்று மணி நேரம் தூங்கலாம். புத்தியுள்ள எவனும் அந்த இடத்தில் பட்டனைத்தான் அழுத்துவான். நான் கூலரை மாற்றினேன்.

கூலர் என்றால் மண்டபத்தில் தண்ணீர் ஊற்றி ஓடவிடும் பெரிய டப்பா இல்லை. கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் பிஸ்கட் அளவில் ஒரு சில்லு. வேலை செய்தால் அடுப்பு போலக் கொதிக்கும்; நூறு டிகிரியை நெருங்கினால் தானே அணைந்துவிடும். அதன் தலைமேல் ஒரு செப்புத் தகடு உட்கார்ந்து சூட்டை உறிஞ்சி மேலே அனுப்ப, அங்கே அடுக்கடுக்கான அலுமினியத் தகடுகளின் வழியாக ஒரு ஃபேன் அதை ஊதித் தள்ளும். சில்லுக்கும் தகட்டுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பேஸ்ட் தடவ வேண்டும். இவ்வளவும் சேர்ந்ததுதான் கூலர். என்னுடைய பழைய கூலர், மிக்ஸியில் கொள்ளு அரைப்பது போல ஒரு மாதமாகக் கத்திக்கொண்டிருந்தது. மூன்று மணி நேரம் ரெண்டர் ஓடினால் அது தாங்காது என்று நானே முடிவு செய்தேன். புதியது வாங்கி இரண்டு வாரமாகப் பெட்டியிலேயே இருந்தது.

"கடையில குடுத்து மாட்டலாமில்ல?" என்றாள் மனைவி.

"பத்து நிமிஷ வேலை. நாலு ஸ்க்ரூ."

வெள்ளிக்கிழமை காலை, ராகுகாலம் தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பழையதைக் கழற்றியபோது அதன் நான்கு பிளாஸ்டிக் கால்களில் இரண்டு என் கையோடு வந்துவிட்டன. பின்வாங்கும் வழி அத்தோடு அடைபட்டது. அப்போது அதை நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும், மிக்ஸியோ சைக்கிளோ கேஸ் அடுப்போ, பொட்டு வைக்காமல் வேலைக்குச் சேர்ப்பதில்லை. மனைவி சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்தாள். கூலரில் பொட்டை எங்கே வைப்பது? ஃபேன் சுற்றும் சாமான். அலுமினியத் தகடுகள் பிளேடு மாதிரி. அடியிலிருந்த செப்புத் தகட்டின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தேன். (அதை உரிக்காமலே மாட்டிவிட்டுச் சூடு சூடு என்று அலறும் முட்டாள்களைப் பற்றி ஒரு வீடியோவில் பார்த்து வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன்.) தகடு கண்ணாடி போல் பளபளத்தது. என் முகமே அதில் தெரிந்தது. இந்தச் சாமானுக்கு முகம் என்று ஒன்று இருந்தால் இதுதான் என்று தோன்றியது. சரியாக நடுவில் குழைத்த சந்தனத்தில் ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம். கற்பூரத்தை மட்டும் நாலடி தள்ளி நின்று காட்டினேன். எனக்குத் தொழில்நுட்ப அறிவு உண்டு.

பொட்டு காய்ந்ததும், சில்லின்மேல் பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து, கூலரை இறக்கி, ஸ்க்ரூக்களைக் குறுக்கும் மறுக்குமாக ஒரே அளவில் முறுக்கினேன். பத்து நிமிஷ வேலை ஐம்பது நிமிஷத்தில் முடிந்தது. ஸ்விட்சைப் போட்டேன். சத்தமே இல்லை. அவ்வளவு அமைதியாக என் அறை இருந்து நான் பார்த்ததில்லை. மனைவியைக் கூப்பிட்டு அந்த அமைதியைக் கேட்க வைத்தேன்.

டெம்பரேச்சர் காட்டும் சின்ன ஜன்னலைத் திரையின் ஓரத்தில் திறந்தேன். எழுபத்தொன்று. எந்த வேலையும் செய்யாமலே எழுபத்தொன்று. புது இடம், பழக வேண்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு ரெண்டர் பட்டனை அழுத்தினேன். எண்பத்திரண்டு. எண்பத்தொன்பது. தொண்ணூற்று நாலு. தொண்ணூற்றெட்டு. திரை கறுத்தது.

கரண்ட் போய்விட்டது என்று நினைத்து ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த பத்து நிமிஷம் நான் செய்ததை எழுதத்தான் வேண்டும். கீழே சமையலறையில் இருந்த மனைவிக்கு போன் போட்டேன். அவள் "இன்னா?" என்றதும் "ஒன்னுமில்ல" என்று வைத்துவிட்டேன். திரும்ப ஸ்விட்சைப் போட்டு, திரும்பத் தொண்ணூற்றெட்டு பார்த்து, திரும்பக் கறுக்க விட்டேன். மூன்றாம் தடவை திரையைப் பார்க்காமல் முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். நான் பார்ப்பதால்தான் ஏறுகிறதோ என்று. இல்லை. பார்க்காவிட்டாலும் ஏறியது.

பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். நாலரைக்குக் கார். இடையில் ஒரு முழு நாளும் இன்னும் கொஞ்சமும் இருக்கிறது. அந்த அம்மா தாலி கட்டுவதைப் பார்த்தே ஆக வேண்டும். ஒரு பிஸ்கட்டிடம் தோற்பதில்லை என்று முடிவு செய்தேன்.

போனில் தேடினால் ஒரு பக்கத்தில் ஐந்து காரணங்கள் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாக எடுத்தேன். ஃபேன் சுற்றுகிறதா? சுற்றுகிறது. திசை சரியா? ஊதுவத்தி ஏற்றிப் பிடித்தேன். புகை முன்பக்கம் உள்ளே போய்ப் பின்பக்கம் வெளியே வந்தது. ஸ்க்ரூ தளர்வா? இல்லை. பிளாஸ்டிக் தாளை உரித்தேனா? குப்பைக் கூடையில் கைவிட்டு அந்தத் தாளைத் தேடி எடுத்து மேஜைமேல் சாட்சியாக வைத்தேன். மிச்சமிருந்தது பேஸ்ட். வாங்கிய கடைக்குப் போன் செய்தேன்.

"பேஸ்ட் கம்மியா வச்சிருப்பீங்க சார். எடுத்துட்டு மறுபடி போடுங்க."

"வேற எதுனா இருக்குமா?"

"இல்லன்னா கொண்டாந்து குடுத்துட்டுப் போங்க. திங்கக்கெழம பாத்துடலாம்."

திங்கட்கிழமை அந்தப் பெண் வேறொரு கண்டத்தில் இருப்பாள். எனக்குத் தெரிந்த இன்னொரு எடிட்டரைக் கேட்டேன். முகூர்த்த சீசன், அவருடைய கம்ப்யூட்டரே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. தவிர, நான் வைத்திருக்கும் சாஃப்ட்வேரில் செய்தது அவருடையதில் திறக்காது. ஆகவே நானே கழற்றினேன். சில்லைப் பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்துத் துடைத்தேன். தகட்டையும் துடைத்தேன். பொட்டு பேஸ்ட்டில் கலந்து, அழுத குழந்தையின் நெற்றி போல் ஆகியிருந்தது. அதைத் துடைத்துவிட்டு அப்படியே மாட்ட மனம் வரவில்லை. புதிதாக வைத்தேன். நிலைமை மோசமாகியிருந்ததால் கொஞ்சம் பெரிதாகவே வைத்தேன். டியூபில் இருந்த பேஸ்ட் முழுவதையும் பிதுக்கிப் போட்டு முறுக்கினேன்.

முன்பு தொண்ணூற்றெட்டைத் தொட இரண்டு நிமிஷம் ஆனது. இப்போது ஒன்றரை.

மத்தியானம் முழுக்கக் கம்ப்யூட்டர் டப்பாவின் பக்கக் கதவைக் கழற்றிப் போட்டு, டேபிள் ஃபேனை அதன் முகத்துக்கு நேரே வைத்து, நான் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்கு டிகிரி குறைந்தது. ஐந்து நிமிஷத்தில் திரும்ப ஏறியது. ஆறு மணிக்கு அக்கா போன் செய்தார்.

"ஆயிடுச்சா தம்பி?"

"வேல நடந்துக்கினே இருக்குதுக்கா."

பொய் இல்லை. வேலை நடந்துகொண்டுதான் இருந்தது.

கடைசியில் எங்கள் பள்ளிக்கூட நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் என் துயரத்தைக் கொட்டினேன். ஒருவன் ரோஜாப்பூ போட்டு மாலை வணக்கம் சொன்னான். ஒருவன், என்ன ஏது என்று படிக்காமலே வாழ்த்துகள் என்றான். ஒருவன், தொண்ணூற்றெட்டு டிகிரி இருந்தால் டாக்டரிடம் போக வேண்டாம், அது நார்மல் என்றான். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் போட் இன்ஜின் ரிப்பேர் பார்க்கும் ஒருவன் மட்டும் போன் செய்தான். பத்தாம் வகுப்பில் எனக்குப் பக்கத்து பெஞ்சு.

"எவ்ளோ நேரத்துல ஏறுது?"

"ஒன்றரை நிமிஷம்."

"அந்த ஃபேன் ஊதற காத்து சூடா வருதா, சில்லுன்னு வருதா?"

இதை யாருமே கேட்கவில்லை. நானும் பார்க்கவில்லை. ஸ்விட்சைப் போட்டு, தொண்ணூற்றைத் தாண்டியதும் ஃபேனுக்குப் பின்னால் கையை நீட்டினேன். கடற்கரையில் நிற்பது போலிருந்தது.

"சில்லுன்னு வருதுடா."

"அடுப்பு எரியுது, மேல வச்ச பாத்திரம் சில்லுன்னு கீதுன்னா இன்னா அர்த்தம்? சூடு மேலயே ஏறல. நடுவுல இன்னாவோ தடுக்குது. காலைல தூக்கினு வா."

"உனக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?"

"தெரியாது. சூடு தெரியும்."

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கம்ப்யூட்டர் டப்பாவைப் போர்வையில் சுற்றி, ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, இரண்டு முழங்காலாலும் இடுக்கிக்கொண்டு ஊரைக் கடந்து போனேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் அதனிடம் மன்னிப்புக் கேட்டேன். துறைமுகத்தில் ஏலச் சத்தம் உச்சத்தில் இருந்தது. படகிலிருந்து கூடைகள் இறங்கிக்கொண்டிருந்தன. அவனுடைய கொட்டகை வாசலில், ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து ஒரு மீன்கார அக்கா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா, பொணத்த சுத்தினு வர மாதிரி வர?" என்றான் நண்பன்.

"வாய மூடுடா. நாலரைக்குக் கார்."

"யாருக்கு?"

நடந்ததைச் சொன்னேன். அவன் கேட்டதை விட மீன்கார அக்கா கவனமாகக் கேட்டார்.

"தாலி கட்டறத அம்மாக்காரி பாக்கலியா? ஐய, பாவமே," என்றவர், "சூடுதானே? ஐஸ் வேணும்னா எடுத்துக்க. பொட்டி நெறய கீது," என்றார்.

நண்பன் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்தான். இன்ஜின் பிரிக்கும் கைகள் என் நான்கு ஸ்க்ரூக்களை மூச்சுவிடும் நேரத்தில் கழற்றின. கூலரைத் தூக்கித் தலைகீழாகத் திருப்பினான். தகடு முழுக்கச் சாம்பல் பேஸ்ட். ஓர் இரும்பு ஸ்கேலை எடுத்து, அதன் விளிம்பைத் தகட்டின்மேல் நட்டுக்குத்தலாக வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான்.

"இங்க வா. ஸ்கேலுக்கு அடியில பாரு. ரெண்டு பக்கமும் வெளிச்சம் தெரியுதா?"

தெரிந்தது. ஸ்கேல் நடுவில் எதன்மேலோ ஏறி நின்று, சீசாப் பலகை போல் இப்படியும் அப்படியும் ஆடியது.

"நடுவுல மேடு." நகத்தால் சுரண்டினான். சாம்பலுக்கு அடியில் மஞ்சளாக வந்தது. மூக்கருகே கொண்டுபோனான். "சந்தன வாசன வருது."

"அது பொட்டுடா."

"இன்னாது?"

"பூஜ போட்டோம். பொட்டு வச்சேன்."

"எங்க வச்ச?"

"அங்கதான். நடுவுல."

அவன் ஸ்கேலைக் கீழே வைத்தான். "நேத்தே கழட்டி மறுபடி மாட்டினேன்னு சொன்னியே. அப்ப இத எடுக்கல?"

"எடுத்தேன். எடுத்துட்டு வேற வச்சேன்."

"அதே மாதிரியா?"

"கொஞ்சம் பெருசா."

மீன்கார அக்காதான் முதலில் சிரித்தார். டீ புரை ஏறி, நெஞ்சைத் தட்டிக்கொண்டு, மறுபடி சிரித்தார். நண்பன் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"நாங்களும் இன்ஜினுக்குப் பூஜ போடறோம்டா. மாலயே போடறோம். எங்க வக்கிறோம்? மேல, மூடி மேல வக்கிறோம். உள்ள ஒன்னோட ஒன்னு ஒட்டுற ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல சந்தனம் வச்சா போட் நடுக்கடல்ல நிக்கும்."

"பளபளன்னு இருந்துச்சி. அதான் நெத்தின்னு நெனச்சேன்."

"அது நெத்தி இல்லடா மச்சான். உள்ளங்காலு. உள்ளங்கால்ல பொட்டு வச்சி, அது மேலயே ஏறி நிக்க வச்சிருக்க."

போனில் படித்த ஐந்து காரணங்களை நினைத்துப் பார்த்தேன். அதை எழுதியவர் வீட்டில் சந்தனம் இருந்திருக்காது. எனக்கு அதுவரை பொட்டு என்பது ஒரு பொருளாகவே தோன்றவில்லை. அதற்கு எடை உண்டு, உயரம் உண்டு, காய்ந்தால் கல் போல் இறுகும் என்பதெல்லாம் மனதில் படவே இல்லை. தகட்டில் தூசி இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவன் நான். பொட்டைச் சுற்றித்தான் பார்த்தேன்.

நண்பன் மண்ணெண்ணெய் பாட்டிலை எடுத்தான். நான் போட்ட கூச்சலில் ஏலத்திலிருந்து இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பையிலிருந்து என் ஸ்பிரிட்டை எடுத்துக் கொடுத்தேன். பழைய பனியன் துணியில் அதை ஊற்றி, தேய்த்து, துணியை மாற்றி, மறுபடி தேய்த்தான். செம்பில் மறுபடி என் முகம் தெரிந்தது. நேற்று பார்த்ததை விடக் கொஞ்சம் குறைந்த முகம். ஸ்கேலை வைத்துப் பிடித்தான். ஒரு கோடு வெளிச்சம்கூட இல்லை.

"பேஸ்ட்டக் குடு."

டியூபை நீட்டினேன். பிதுக்கினான். காற்றுதான் வந்தது.

"கிரீஸ் கீது," என்று கிரீஸ் டப்பாவைப் பார்த்துவிட்டு, அவனே தலையை ஆட்டினான். "வேணாம். காய்ஞ்சி நாறும். அதுக்குன்னு உள்ளத வாங்கிப் போடு." அவன் வேண்டாம் என்று சொல்லியிருக்காவிட்டால் நான் போட்டிருப்பேன். அந்த நேரத்தில் யாராவது தேங்காய்ச் சட்னி கொடுத்திருந்தாலும் தடவியிருப்பேன்.

மணி எட்டரை. கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கும் கடைகள் டவுனில் பத்துக்கு முன் திறப்பதில்லை. மூடிய ஷட்டருக்கு எதிரே ஸ்கூட்டரை நிறுத்தி, டப்பாவை முழங்காலில் இடுக்கியபடி காத்திருந்தேன். ஒன்பதரைக்கு அக்காவின் போன். "மத்தியானம் கொண்டாந்துடுவியா தம்பி? அவளுக்குப் புடிச்ச எறா தொக்கு பண்ணிக்கினு கீறேன். சாப்ட்டுக்கினே பாக்கலாம்னு."

"நாலு மணிக்குள்ள கண்டிப்பா வந்துடறேன்க்கா."

"நாலா?" என்றார். பிறகு, "சரி. தொக்கு ஆறினாலும் நல்லாத்தான் இருக்கும்," என்றார்.

கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கடைக்காரர் பத்தேகாலுக்கு வந்தார். ஷட்டரைத் தூக்கினார். வாசல் தெளித்தார். ஊதுவத்தி ஏற்றினார். கல்லாவுக்கும் பில் மெஷினுக்கும் வாசல்படிக்கும் நிதானமாகச் சந்தனம் வைத்தார். அன்றைக்குச் சந்தனத்தை எதிர்த்துப் பேசும் தகுதி எனக்கு இல்லாததால், கையைக் கட்டிக்கொண்டு அவர் சாம்பிராணி காட்டி முடிக்கும்வரை நின்றேன். பேஸ்ட் டியூப் ஒன்று கேட்டேன். இரண்டாக வாங்கினேன்.

வீட்டுக்கு வந்தபோது பதினொன்று. மனைவி டார்ச் பிடித்தாள். பொட்டின் கதையைச் சொன்னேன். அவள் டார்ச் ஆடியது.

"ஆட்டாத."

"ஆட்டல. சிரிக்கிறேன்."

"நீதான சந்தனம் கொண்டாந்த?"

"கொண்டாந்தது நானு. அங்க வைக்கச் சொன்னது யாரு? நான் அந்த டப்பா மேல வைப்பீங்கன்னு நெனச்சேன்." அவளே ஒரு பொட்டை டப்பாவின் வெளிப்பக்கத்தில், யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லாத இடத்தில் வைத்தாள்.

ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அரைச் சுற்று, அரைச் சுற்றாக இறக்கினேன். அவசரப்பட்டு இன்னொரு தடவை கழற்ற நேரமில்லை என்பதால் அவசரப்படவில்லை. எல்லாம் முடிந்து ஸ்விட்சைப் போட்டபோது பன்னிரண்டாக ஐந்து நிமிஷம்.

முப்பத்தொன்பது. வேலை இல்லாத நேரத்தில் முப்பத்தொன்பது. ரெண்டர் பட்டனை அழுத்தினேன். ஐம்பத்தைந்து. அறுபத்திரண்டு. அறுபத்தொன்பது. எழுபத்து மூன்று. எழுபத்து நாலு. எழுபத்து நாலு. ஒன்றரை நிமிஷம் தாண்டியது. மூன்று நிமிஷம் தாண்டியது. எழுபத்து நாலு. ஃபேனுக்குப் பின்னால் கையை வைத்தேன். வெந்நீர்க் குளியலறைக் கதவைத் திறந்தது போல் வெதுவெதுவென்று காற்று வந்தது. அவ்வளவு இன்பமான சூட்டை நான் மார்கழியில்கூட அனுபவித்ததில்லை.

இன்னும் மூன்று மணி இருபது நிமிஷம் என்றது திரை. உடனே ஓர் ஆணை பிறப்பித்தேன்: வீட்டில் மிக்ஸி போடக்கூடாது, அயர்ன் பாக்ஸ் கூடாது, மோட்டார் கூடாது, மாடிப்படியில் தொம் தொம்மென்று நடக்கக்கூடாது. மனைவி கையால் மிளகைத் தட்டி ரசம் வைத்தாள். தட்டை மடியில் வைத்து, கண்ணைத் திரையில் வைத்துச் சாப்பிட்டேன். அதுவரை ரெண்டர் ஆகும்போது ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. அன்று ஒவ்வொரு சதவீதத்தையும் பிரசவம் பார்ப்பவன் போலப் பார்த்தேன்.

எழுபது சதவீதத்தில் மனைவி தட்டை எடுக்க வந்தாள்.

"ஏங்க, நான் ஒன்னு கேக்கட்டா? அவங்க தாலி கட்டறத மட்டுந்தான பாக்கணும்னாங்க? அந்த நாலு நிமிஷத்த மட்டும் கேமராவுல இருந்த மாதிரியே ஒரு பென்டிரைவ்ல போட்டு நேத்தே குடுத்திருக்கலாமில்ல?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். கம்ப்யூட்டர் எழுபத்தொரு சதவீதம் என்றது.

மூன்று இருபத்தைந்துக்கு முடிந்தது. பென்டிரைவில் ஏற்றி, தொடக்கமும் நடுவும் முடிவும் ஓட்டிப் பார்த்து, சட்டை மாற்றாமல் ஸ்கூட்டரை எடுத்தபோது மூன்று ஐம்பது. முதலியார்பேட்டையில் அவர்கள் வீட்டு வாசலில் கார் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் பின்கதவைத் திறந்து பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மணி நாலு பத்து.

"வந்துட்டியா தம்பி," என்று அக்கா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். பெண் புடவையில் தயாராக இருந்தாள். மாப்பிள்ளை பாஸ்போர்ட்டுகளைப் பையிலிருந்து எடுத்து எண்ணி, மறுபடி பையில் வைத்துக்கொண்டிருந்தான். நான் டிவியில் பென்டிரைவைச் சொருகினேன். இருபது நிமிஷத்தில் இரண்டே முக்கால் மணி நேரத்தைப் பார்க்க முடியாது. நேரே முகூர்த்தத்துக்கு ஓட்டினேன்.

அம்மாவும் பெண்ணும் தரையில் ஒட்டி உட்கார்ந்தார்கள். மேளம் உச்சத்துக்கு ஏறியது. மாப்பிள்ளை தாலியை எடுத்தான். அக்கா பெண்ணின் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். முதல் முடிச்சு விழும்போது படத்தின் வலது ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில், கையில் பெரிய பிளாஸ்க்கோடு ஒரு பெண் அவசரமாக வந்து, யாருக்கோ வழிவிட்டு, ஒரு கணம் நின்று, குனிந்து பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டு, நடந்து மறைந்தாள். அந்த ஷாட்டுக்கு வேறு கோணம் இருந்திருந்தால் நான் அதை வெட்டியிருப்பேன். குறுக்கே வரும் ஆட்களை வெட்டுவதுதான் என் தொழில்.

"இருங்க, இருங்க. பின்னால போங்க," என்றாள் பெண். ஓட்டினேன். "அம்மா, இது நீ!"

அக்கா டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். "நானா?"

"உன் மாம்பழக் கலர் புடவ பாரு. இங்கதான நின்ன? நீ பாக்கலன்ன?"

"மூடி தொறந்துக்கினு இருந்துச்சிடி. சுடுதண்ணி. மேல கொட்டினா?" அவர் திரையில் விரலை வைத்தார். "அதான் குனிஞ்சிக்கினு இருந்தேன். மேளம்கூட பின்னால போனப்பறந்தான் காதுல வுழுந்துச்சி. ஐயோ, இங்கதான் நின்னுகிறேன் பாரேன். நாலடி தூரந்தான்."

"உனக்கு முன்னாலதான் கட்டிகிறாங்க. மூடிய விட்டுட்டு நிமிந்திருக்கக் கூடாதா?" பெண் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அக்கா அவள் தோளில் ஒரு அடி வைத்தார்.

"திரும்பப் போடு தம்பி."

போட்டேன். வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். மூன்றாம் தடவை போட்டேன். மாப்பிள்ளையும் பாஸ்போர்ட்டுகளை விட்டுவிட்டு வந்து நின்றான். நாலாம் தடவை ஓடும்போது டிரைவரே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கடிகாரத்தைக் காட்ட வாயெடுத்தவர், டிவியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அந்த ஓரமா பிளாஸ்க் எடுத்துக்கினு போறது யாருங்க?"

"நாந்தாம்பா," என்றார் அக்கா.